சிவப்புக் குறி போட்ட வீடு

கலியபெருமாளைச் சட்டசபைக்கு அனுப்பியவன் நான். எனக்கு ஓட்டே கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், நெல்லித்தோப்பில் வந்து உட்கார்ந்த பிரெஞ்சுக் குடிமகன். ஆனால் அவன் என் பள்ளிக்கூடத்துத் தோழன்.

முதல் தேர்தலில் நாற்பத்தேழு ஓட்டில் தோற்றான். எங்கள் ஊர்த் தொகுதிகள் அவ்வளவு சின்னவை. நாலு தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டால் பதவி போச்சு. "சாவு வீட்டுல மொத மாலை உன்னுதா இருக்கணும்டா" என்று யோசனை சொன்னேன். தெருத்தெருவாக வீடுகளை எழுதிப் பட்டியல் போட்டேன். ஓட்டில்லாத பிரெஞ்சுக் குடும்பங்களுக்குச் சிவப்பில் பெருக்கல் குறி. அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று கணக்கு. என் வீட்டையும் விடவில்லை. ஒழுங்கு என்றால் ஒழுங்கு என்கிற பட்டாளத்துக் கொழுப்பு.

அதற்குப் பிறகு நாலு தேர்தலிலும் ஜெயித்தான். 2006இல் சட்டமன்றக் கட்சித் தலைவரும் ஆனான். அத்தனை வருஷமும் பிரசாரம் முடிந்து வந்தவனுக்குச் சோறு போட்டவள் என் மனைவி ஜோசெத்.

மறு வருஷம் அவள் படுத்த படுக்கையானாள். "கலியபெருமாள் அண்ணன் வராம என்னை எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

அவள் போன அன்று காலையிலேயே போன் செய்தேன். எடுத்தவன் புது உதவியாளன் கோவிந்தசாமி. "சொல்லிட்றேங்க" என்று வைத்துவிட்டான்.

மாலை நாலு மணிக்கு மாதா கோயிலில் பூசை. நாலரை ஆகியும் சவப்பெட்டியை மூட விடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது கலியபெருமாளுடைய கார் தெருவுக்குள் வந்தது. எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. தெருக்கோடியில் அன்றைக்கே மூட்டை தூக்கும் அம்மாவாசையும் இறந்திருந்தான். அந்த வீட்டில் ஒன்பது ஓட்டு.

ஓடிப்போய்ப் பிடித்துச் சொன்னேன். கையில் மாலையோடு நின்றவன் பதறினான். "ஜோசெத்தா? ஐயோ! ஏன்யா என்கிட்ட சொல்லல?" என்று கூட வந்த கோவிந்தசாமியிடம் திரும்பினான்.

அவன் பையில் இருந்து காகிதத்தை எடுத்து நீட்டினான். "செவப்புப் போட்ட வூட்டு சாவுலாம் சொல்ல வேணாம்னுதான தலைவரே உத்தரவு."

நான் போட்ட அதே பட்டியல். என் கையெழுத்தேதான், கலர் ஜெராக்ஸில்.

கலியபெருமாள் கடிகாரத்தைப் பார்த்தான். "அர்மான், முதலியார்பேட்டைல வேற காத்துகினு இருக்காங்க. நீ எடுத்துடு. நாளைக்கு வூட்டுக்கு வந்துட்றேன்."

மாலையோடு அம்மாவாசை வீட்டுக்குள் போனான்.

திரும்பி வந்து ஜோசெத்தின் காதருகே குனிந்தேன். "அண்ணன் வந்துட்டாரு" என்றேன். பிறகு பெட்டியை மூடச் சொன்னேன்.