ஹெல்யுவுக்கு மூச்சு விட்டவர்கள்

ரூபிள் நாணயம் போய் க்ரூன் நாணயம் வந்த வருடம் தார்த்து நகரில் கருப்பு ரொட்டியின் விலை ஏறியது, பேருந்துக் கட்டணம் ஏறியது, தாயாறு என்ற பாடகர் குழுவில் தாழ்ந்த குரல் பாடும் ஹெல்யுவுக்கு மூச்சு நின்றுபோனது. இந்த மூன்றில் ஊர் அதிகம் புலம்பியது ரொட்டியைப் பற்றித்தான். மருத்துவர் அவள் மூக்குக்கு நேரே கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார், ஆவி படியவில்லை. நுரையீரல் வேலையை விட்டுவிட்டது என்றும், இவ்வளவு நேரமாக இந்த அம்மாள் தன்னிடம் வாயடித்துக்கொண்டிருப்பது எப்படி என்று விளங்கவில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரணம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாக்லேட் பூசிய தயிர்க்கட்டி தின்றுகொண்டிருந்தது. அது மைமு, குழுவில் ஹெல்யுவுக்குப் பக்கத்தில் நிற்பவள்.

பாடகர்களிடையே திருட்டு மூச்சு என்று ஒன்று உண்டு. நீளமான சுரம் அறுபடாமல் ஒலிக்க வேண்டுமானால் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரே சமயத்தில் மூச்சு இழுக்கக் கூடாது. அவள் இழுக்கும்போது இவள் பாட வேண்டும், இவள் இழுக்கும்போது அவள். ஹெல்யுவும் மைமுவும் இருபது வருடம் இப்படி மாற்றி மாற்றி இழுத்ததில், எது யாருடைய மூச்சு என்ற வித்தியாசமே போய்விட்டது. ஆகவே ஒருத்தியுடையது நின்றதும் மற்றவளுடையது தானாக இருவருக்கும் ஓடியது. மைமு பக்கத்தில் இல்லாவிட்டாலும் குழுவில் வேறு யாராவது இருந்தால் போதும். பாவம், மைமுவுக்குத்தான் புதுச் சட்டைகள் தைக்க வேண்டியிருந்தது. "உனக்கும் சேத்து இழுத்து இழுத்து எனக்கு மாரே அகலமாப் போச்சுடி" என்று ஒத்திகைக்கு ஒத்திகை குத்திக்காட்டினாள்.

சுற்றுப்பயணங்களில் இதனால் தொந்தரவு ஏதும் வரவில்லை. பேருந்தில் பின்வரிசை ஆண்கள் விட்ட குறட்டையிலேயே ஹெல்யு சௌகரியமாக ரீகாவைத் தாண்டி வார்சா வரை போய்விடுவாள். ஒரே ஒரு முறை, ஸ்டாக்ஹோம் கப்பலில் பெரிய அலை அடித்தபோது, சாப்பாட்டு மேஜையில் இருந்த குழு மொத்தமும் பயத்தில் ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஹெல்யு நீலம் பாரித்துத் தட்டில் கவிழ்ந்தாள். யாரோ வீரிட்ட பிறகுதான் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு சூப் கேட்டாள். குழு எல்லாம் ஒன்றாக மூச்சை நிறுத்தினால் அவள் செத்துப்போவாள் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சங்கீதத்தில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. ஓங்கிப் பாடிக்கொண்டே வந்து சட்டென்று நிற்பார்கள். கையசைத்துக் குழுவைப் பாடவைக்கும் இசை நடத்துநரின் கை காற்றில் இருக்கும். எதிரொலி கூரையில் அடங்கும்வரை ஒருவரும் மூச்சு விடக் கூடாது. இசை நடத்துநர் ஊர்மாஸ் அப்படிப்பட்ட பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் கைவிட்டார். ஹெல்சிங்கியில் ஒரு விமர்சகர், இந்தக் குழுவுக்கு எல்லாம் தெரியும், நிறுத்த மட்டும் தெரியாது என்று எழுதினார். வருடங்கள் ஓடின.

பிறகு அந்தப் புதுப் பாட்டு வந்தது. இசையமைப்பாளர் இந்தக் குழுவின் ஒலிப்பதிவுக்கென்றே எழுதியிருந்தார். ஆகவே கடைசி அடியின் ஆழத்துச் சுரம் ஹெல்யுவுக்கும் மைமுவுக்கும் என்றே இருந்தது. அதற்கு முன்னால் ஒரு நிசப்தம், கப்பல் அலையைவிட நீளமானது. ஊர்மாஸ் அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். ஹெல்யு விடவில்லை.

"எனக்காக எத்தனை பாட்டை விட்டுட்டீங்க? இத நாம பாடறோம்."

"ஹெல்யுக்கா, விளையாடாதீங்க. அந்த இடத்துல யாராவது ஒருத்தர் மெதுவா மூச்சு விட்டுக்கட்டும், போதும்."

"ஏம்ப்பா, மைக்குல அது ரம்பம் அறுக்கற மாதிரி கேக்கும். அப்புறம் அது என்ன நிசப்தம்?"

அந்த நேரம் ஹெல்யுவோடு பதிவு நடக்கும் தேவாலயத்துக்கு வெளியே நின்று மூச்சு விடுகிறேன் என்றாள் மைமு. அப்போது அந்த ஆழத்துச் சுரத்தை யார் பாடுவது என்று ஹெல்யு கேட்டாள். மைமு அழுதுவிட்டாள். மற்றவர்கள் கோட்டுப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் மாதம் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் ஒலிப்பதிவு. குளிர்காயும் அடுப்பு முனகும் என்று அணைத்துவிட்டார்கள். காலணி கிறீச்சிடும் என்று எல்லோரும் கம்பளிக் காலுறையோடு நின்றார்கள். இனி ஒலிப்பதிவாளர் வாம்போலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், வரிக்கு வரி இந்தப் பாடகர்கள் மூச்சிழுக்கும் ஓசையை டேப்பிலிருந்து பிளேடால் வெட்டி எடுப்பதுதான் அவர் வேலை. வெட்டிய துண்டுகளை அவர் எறிந்ததே இல்லை. "மனுஷன் மூச்சக் குப்பையில போடுவாங்களா?" என்பார். அவ்வளவும் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அவர் மனைவி அதைப் பலமுறை தூக்கிப்போடப் பார்த்துத் தோற்றிருக்கிறாள்.

கடைசிப் பதிவுக்கு முன்னால் வாம்போலா காலுறையோடு நடந்து வந்து, ஹெல்யு நிற்கும் படிக்குக் கீழே அந்த டப்பாவை வைத்து மூடியைத் திறந்தார். "மெஷின்ல ஓடாத டேப்புக்குச் சத்தம் கிடையாது" என்று ஊர்மாஸிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

பாடினார்கள். நிசப்தம் வந்தது. ஊர்மாஸின் கை காற்றில் நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். ஹெல்யுவின் உதடு நீலமாகத் தொடங்கியது. அப்போது மெழுகுவர்த்திச் சுடர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. டப்பாவிலிருந்து இருபது வருட மூச்சு ஓசையே இல்லாமல் எழுந்தது. லெனின்கிராட் ரயில் தேநீர் மணத்தது, உப்பு மீன் மணத்தது, செத்துப்போன இரண்டு பேரின் சுருட்டுகூட மணத்தது. அதற்குள் ஆரஞ்சுத் தோலின் மணத்தோடு ஒன்று வந்தது. அது நின்றுபோவதற்கு முந்தைய தன் மூச்சுதான் என்று ஹெல்யுவுக்கு உடனே தெரிந்தது. அதை இழுத்துக்கொண்டாள். கை இறங்கியது. அந்த மூச்சு முழுவதையும் கடைசிச் சுரத்தில் செலவழித்தாள்.

இசைத்தட்டு நன்றாக விற்றது. ஹெல்சிங்கி விமர்சகர் அந்த நிசப்தத்தைப் பாராட்டி இரண்டு பத்தி எழுதினார். கைவிட்ட பாட்டுகள் எல்லாம் திரும்பி வந்தன. டப்பாவும் குழுவோடு பயணம் போகத் தொடங்கியது. அது காலியாகிவிடக் கூடாதே என்று, பேருந்தில் ஏறும்போது ஒவ்வொருவரும் மூடியைத் திறந்து ஒரு மூச்சு விட்டு மூடுவது வழக்கமாயிற்று. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே, காபி எங்கே கிடைக்கும் என்பதோடு இதையும் சொல்லிவிடுகிறார்கள்.

போடுவதற்கு ஹெல்யுவிடம்தான் மூச்சு இல்லை. ஆகவே அவள் முறை வரும்போது டப்பாவுக்குள் குனிந்து, "நன்றி" என்று சொல்வாள்.

"அடியே, அந்த நன்றியும் எங்க மூச்சுதான்டி" என்பாள் மைமு.

"தெரியும்" என்று ஹெல்யு மூடியை அழுத்தி மூடுவாள். பேருந்து கிளம்பும்.