தனித்துத் தெரிய ஒரு பட்டம்

தவளை என்றால் மார்னிக்கு உயிர். டாக்டராகும் ஆசையும் இருந்தது; அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேர முதலில் ஏதாவது ஒரு பட்டம் வாங்கியிருக்க வேண்டும். உயிரியல்தான் படிப்பேன் என்று மினசோட்டாவில் தன் கல்லூரி ஆலோசகரிடம் போய் நின்றாள்.

"டாக்டராகணும்னு வர்றவங்க எல்லாரும் உயிரியல்தான் எடுக்கிறாங்கம்மா. அந்தக் கும்பல்ல உன்னை யாரு கண்டுக்குவா? மருத்துவக் கல்லூரி கேட்கிற அறிவியல் பாடங்களை மட்டும் முடிச்சிடு. பட்டத்தை வேற எதுலயாவது வாங்கிக்கோ," என்றார் அவர்.

மார்னி தத்துவம் எடுத்தாள். கட்டாயப் பாடங்கள் போக மிச்ச நேரமெல்லாம், மரணம் என்றால் என்ன என்று கிரேக்கர்களோடு மல்லுக்கட்டினாள். ஏரியில் தவளை கத்தினால் காதைப் பொத்திக்கொண்டாள்.

மருத்துவக் கல்லூரி நேர்காணலில் ஐந்து பேரை ஒன்றாக உட்காரவைத்து, வயதான டாக்டர் ஒருவர் யார் யாருக்கு என்ன பட்டம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். முதல் ஆள் நாடகம். அடுத்தவள் சிற்பம். மூன்றாமவன் தத்துவம். மார்னியும் தத்துவம் என்றதும் அவர் கொட்டாவியை விழுங்கினார்.

"நான் வெறும் உயிரியல்தான் சார்," என்றான் கடைசி நாற்காலியிலிருந்த ஓடிஸ், கூசிப்போய்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உயிரியலா? அட, புதுசா இருக்கே. இந்த யோசனை உனக்கு எப்படிப்பா வந்துச்சு?"

"எங்க காலேஜ்ல ஆலோசகர் கிடையாது சார்."