துரை ஏறிய விண்கலம்

செவ்வாய்க்கிரகத்துக்குப் போகும் நாவலின் இரண்டு பாகங்களையும் வெண்ணிலா நாகலூருக்குக் கொண்டுவந்திருந்தாள். முதல் பாகம், சிறுவயதில் அப்பா நூலகத்தில் எடுத்துவந்து வாசித்துக் காட்டியது. இரண்டாம் பாகம் போன வருஷம்தான் வெளியானது. அப்பாவும் படித்ததில்லை, அவளும் படித்ததில்லை.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா பொன்னுவேலுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சில்லை. கேட்பதெல்லாம் புரிகிறது, பழகியதை வாசித்துக் காட்டுங்கள் என்றார் டாக்டர். செய்தித்தாளை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெங்களூர் திரும்புவதற்குள் அவர் வாயிலிருந்து ஒரு சொல்லாவது கேட்டுவிட வேண்டும் என்று அவள் தவித்தாள்.

முதல் பாகத்தைப் பிரித்தாள். விண்கலம் பழுதாகி நிற்கிறது.

"காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது, கேப்டன்," என்றது ரோபோ.

இல்லை என்று அப்பா தலையாட்டினார்.

"புஸ்தகத்துல அப்படித்தானுங்கப்பா இருக்குது."

மறுபடியும் தலையாட்டினார்.

அம்மா பாப்பாத்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்த எந்திரம் தொரைங்க, தொரைங்கன்னு நொம்ப பணிவாப் பேசுமே, அது எங்க கண்ணு போச்சு?"

வெண்ணிலா பக்கம் பக்கமாகத் தேடினாள். துரை எங்கேயும் இல்லை. அன்று அப்பா வாசித்தபோது ஆன்டெனாவில் படர்ந்திருந்த மிளகுக்கொடியும் இல்லை. எஸ்டேட் முதலாளியைத் துரை என்றே அழைத்துப் பழகிய மனுஷன், விண்கலத்திலும் ஒரு துரையை ஏற்றிவிட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் விண்வெளிக் கட்டுரைக்கு அவள் ஏன் அவ்வளவு திட்டு வாங்கினாள் என்பது இப்போதுதான் விளங்கியது.

அன்றிலிருந்து கேப்டன் வந்த இடமெல்லாம் துரை வந்தார். மிளகுக்கொடியும் ஏறியது. அப்பா முகத்தைத் திருப்பவில்லை.

இரண்டாம் பாகத்துக்கு அப்பாவின் வாசிப்பு கிடையாது. அவளே சமாளிக்க வேண்டியிருந்தது. அதில் கேப்டனுக்கு வயதாகிவிட்டது. ரோபோ தனியாக வேறொரு கிரகத்துக்குக் கிளம்புகிறது.

"போய்ட்டு வாரேன், தொரை," என்று வாசித்தாள்.

அப்பாவின் கை போர்வைக்கு மேல் எழுந்தது. உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது.

"...ங்க."

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "பாத்தியா! மருவாதி கொறஞ்சதும் ரைட்டருக்குப் பேச்சு வந்திருச்சு!"

வெண்ணிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போய்ட்டு வாரனுங்க, தொரைங்க," என்று திருத்தி வாசித்தாள். அப்பா திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

அடுத்த வரியில் வேண்டுமென்றே ஒரு 'ங்க'வை விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.