நீலத்தலை ஊசி

மணப்பெண் லெட்டி மோதிர விரலை நீட்டிய அந்த நிமிஷத்தில், அவள் உடுப்பிலிருந்த நாற்பத்தொரு குண்டூசிகளும் பிடுங்கிக்கொண்டு பறந்துபோய் மணத்தோழி கெசியாவின் சட்டைக் கையில் வரிசையாகக் குத்தி நின்றன. விக்ஸ்டோ தேவாலயத்தில் யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. உடுப்பு தோளிலிருந்து நழுவியதைத்தான் பார்த்தார்கள்.

அந்த ஊரில் கல்யாணம் முடிந்ததும் மணப்பெண்ணின் ஊசிகளைத் தோழிதான் கழற்ற வேண்டும், கழற்றியதையெல்லாம் எறிந்துவிட வேண்டும். ஒன்று அவளிடம் தங்கினாலும் அவளுக்குக் கல்யாணம் நடக்காது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் லெட்டியின் அக்கா கல்யாணத்தில் கெசியா ஒன்றுவிடாமல் எறிந்தாள். அப்படியும் அவளுக்குப் பேசி வைத்திருந்த கடிகாரக்கார ஆம்ப்ரோஸ் மூன்றே வாரத்தில் வார்த்தை மாறினான். அதற்கப்புறம் ஒன்பது கல்யாணங்களில் தோழியாக நின்றாள். ஒவ்வொன்றிலும் ஊசிகள் அவள் பக்கம் சாய்ந்தன. குழந்தை விழுங்கிய ஊசியை வெளியே வரவழைக்கக்கூட அவளைக் கூப்பிட்டார்கள். பெண் கேட்டு மட்டும் ஒருத்தனும் வரவில்லை.

இப்போது அதே ஆம்ப்ரோஸைக் கட்டிக்கொள்ளும் லெட்டி, வேண்டுமென்றே அவளைத் தோழியாக அழைத்திருந்தாள். "உன்னை விட்டா எனக்கு யாருடி? பழகின கை," என்று சிரித்தாள்.

கெசியா ஊசிகளை எண்ணினாள். நாற்பத்திரண்டு. கடைசி ஊசி அவள் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தின் அட்டைக்குள்ளிருந்து முளைத்து வந்திருந்தது. நீலக் கண்ணாடித் தலை, லெட்டி வீட்டு ஊசி. புத்தகமும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அக்கா கல்யாணத்தன்று தோழிக்கென்று லெட்டி கொடுத்த பரிசுதான்.

நழுவும் உடுப்பைப் பிடித்துக்கொண்டே லெட்டி சொன்னாள்: "எனக்கு அப்போ பதினஞ்சு வயசு. விளையாட்டுக்குச் செஞ்சேன். இப்ப என்னாங்கற?"

"ஒண்ணுமில்ல. நேரா நில்லு."

நாற்பத்தொன்றையும் கெசியா வாசலில் எறிந்தாள். நீலத்தலை ஊசியால் மட்டும் லெட்டியின் உடுப்பைத் தோளில் சேர்த்துக் குத்திவிட்டு வீட்டுக்கு நடந்தாள். ஆம்ப்ரோஸை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இலையுதிர் காலத்தில் சேணம் தைக்கும் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டாள்.

அந்த ஊசி வேறு யார் கைக்கும் அசையவில்லை. கத்தரிக்கோலும் அந்தத் துணியில் இறங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் லெட்டி அந்தக் கல்யாண உடுப்போடு சந்தைக்குப் போனாள், அடுப்படியில் நின்றாள், மூன்று பிள்ளை பெற்றாள். வருஷா வருஷம் ஆள் அனுப்பிக் கெஞ்சினாள். "கை வேலையா இருக்கேன்னு சொல்லு," என்று கெசியா திருப்பி அனுப்பினாள்.

லெட்டி செத்த அன்று கெசியா வந்தாள். சவப்பெட்டியருகே குனிந்து ஊசியைப் பார்த்தாள். "இன்னும் கெட்டியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். லெட்டியை அந்த உடுப்போடுதான் புதைத்தார்கள்.