கனகலக்ஷ்மியின் இரண்டு நேர்காணல்கள்

2024 ஜூன் 10ஆம் தேதி, மைசூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் வானொலி நிலையம் தன் பழைய கன்னட நேர்காணல்களை இணையத்தில் ஏற்றியது.

டாங்கா குதிரைவண்டி ஓட்டுபவர், பிரசவ வார்டு செவிலி, பாம்பு பிடிப்பவர், மயானக் காவலாளி என்று பலதரப்பட்டவர்கள் அதில் பேசியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, 2008இல் பதிவான கனகலக்ஷ்மியும் இருந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. படுத்த படுக்கையான அம்மாவுக்காகக் கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட வங்கி ஊழியர்.

மைக்கைக் கண்டால் வருகிறவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முதல் நாள் வீட்டுக்கு வந்து பேச்சுக் கொடுத்துவிட்டுப் போய், கேள்வியோடு பதிலையும் அவர்களே எழுதிக்கொண்டு வருவார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்ததை அவள் அப்படியே வாசித்தாள். "எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அம்மாவுக்குப் பிறகு அப்பா. இது நானே கேட்டு வாங்கிக்கொண்ட வாழ்க்கை." முதல் நாள் பேச்சில் அப்பாவைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. வாசிக்கிற வேகத்தில் அதுவும் வாயில் வந்துவிட்டது.

அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. யாதவகிரி வீட்டில் இப்போது அவளும், ரயில்வேயில் ஓய்வுபெற்ற அப்பா கௌரிசங்கரும்தான். கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு அவரைத் தாங்கித் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். அவளுடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டிருந்தது. ஆகஸ்டில் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதன்பின் மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது. தம்பி சேஷு அப்பாவைப் பெங்களூருக்கு அழைத்துப்போனால்தான் ஆகும். அவனிடம் கேட்க நல்ல வேளை பார்த்துக்கொண்டிருந்தபோது அவனே கூப்பிட்டான்.

"அக்கா, அக்ஷதா உன் இன்டர்வியூவைக் கண்டுபிடிச்சுட்டா! ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பினேன். என் பாஸ் அழுதுட்டார், தெரியுமோ?"

"சேஷு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"இனிமே என்ன சொல்றது, அதான் ஊருக்கே சொல்லிட்டியே! இரு, உன் மருமாள் பேசணுமாம்."

"அத்தே, நீங்க சூப்பர் ரீ!" என்று கன்னடம் கலந்து சொன்னாள் சேஷுவின் மகள் அக்ஷதா. "தாத்தா கேட்டாச்சா?"

தாத்தா கேட்டார். காது மந்தம் என்பதால் தெருவுக்கே கேட்கும் சத்தத்தில் கேட்டார். 'அம்மாவுக்குப் பிறகு அப்பா' வந்ததும் கையைத் தூக்குவார். "இன்னொரு தரம் போடும்மா." தூக்கிவிடும்போது அவள் முனகினால், "என்னாச்சு?" என்பார்.

"ஒண்ணுமில்லப்பா."

பதிவை எடுத்துவிடச் சொல்லி நிலையத்துக்குப் போனாள். பொறுப்பில் இருந்த தீபக், கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்ப் பையன்.

"அதைப் போய் எடுக்கச் சொல்றீங்களே, அக்கா! எல்லாத்துலயும் அதைத்தானுங்க சனம் கேக்குது," என்றான். "ஒண்ணு பண்ணலாமுங்களா? இப்ப எப்படி இருக்கறீங்கன்னு இன்னொண்ணு பேசிருங்க. எழுதிக் குடுக்கற வேலையெல்லாம் இப்ப இல்லீங்க. மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க."

முகத்துக்கு நேராக வராத பேச்சு மைக்குக்கு வரலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சேஷு கேட்பான். அப்பா கேட்பார். அழுத பாஸும் கேட்பார். அதற்குப் பிறகு யாரும் அவள் பேச்சைப் பாதியில் மறிக்க முடியாது.

பதிவு அறையில் மின்விசிறியை நிறுத்தினார்கள். பஞ்சு வைத்த கதவு மூடியதும் வெளிச்சத்தம் அறுந்துபோனது. அம்மாவைப் பற்றியும் வங்கியைப் பற்றியும் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் சொன்னாள்: "அன்னிக்கு நான் வாசிச்சது வேற யாரோ எழுதினது. எனக்கு வருத்தம் இருக்கு. கால் போயிடுத்து, ஆபரேஷன் பண்ணிக்கணும். என் தம்பி மூணு மாசம் அப்பாவை வெச்சுக்கணும். அவன்கிட்ட கேக்க வாய் வரலை. அதனால இங்க கேக்கறேன்."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தீபக் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒலிபரப்பான ஞாயிறன்று சேஷு குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினான். கையில் இனிப்புப் பெட்டி.

"மைசூருக்கே மைசூர்பாக் கொண்டு வரயாடா, அசடே?" என்றார் அப்பா.

"இது பெங்களூர் நெய்ப்பா, சாப்பிட்டுப் பாருங்கோ!"

வானொலியில் அம்மா வந்தாள், வங்கி வந்தது. "அப்பாவுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது" என்றது அவள் குரல். உடனே வீணை இசை ஏறியது. அறிவிப்பாளர் நன்றி சொன்னார்.

அவள் சமையலறைக்குள் போய்த் தீபக்கைக் கூப்பிட்டாள்.

"குடும்பத்து விசயமுங்களே, அக்கா," என்றான். "நாலு பேரு கேட்டா உங்க தம்பிக்குத்தான கெட்ட பேரு? பின்னால நீங்கதான் சங்கடப்படுவீங்கன்னு வெட்டிட்டேனுங்க. உங்க நல்லதுக்குத்தான்."

கூடத்துக்குத் திரும்பினாள். சேஷுவின் கண் கலங்கியிருந்தது. அப்பா அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சேஷு, அதுல வராதது ஒண்ணு இருக்கு..."

"எல்லாம் வந்துடுத்துக்கா," என்றான் அவன். "நீ இருக்கறதாலதான் நான் அங்க நிம்மதியாத் தூங்கறேன்."

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இனிப்பை எல்லாருக்கும் எடுத்து வைத்தாள்.

ஆகஸ்ட் 5ஆம் தேதி அறுவை சிகிச்சைக்கு வரச்சொல்லி மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். வரமுடியாது என்றாள். அந்த இடம் குண்டலுபேட்டையைச் சேர்ந்த ஒரு விவசாயிக்குக் கொடுக்கப்பட்டது.