ஆறு வாரக் காடு

சலினாஸில் லெட்டூஸ் கீரை அறுப்பு முடிந்து வந்த அப்பா கிறிஸ்பின், வாசற்படியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றப் பார்த்தார். இடுப்பு குனிய விடவில்லை. மகள் மரிக்ரூஸ் மண்டியிட்டு இழுத்துவிட்டாள். கேட்க வந்ததை பூட்ஸ் கழன்றதும் கேட்கலாம் என்றிருந்தாள்.

மூன்று வருஷம். காலையில் அவளுக்கு ஷெட்டில் பெட்டி கட்டும் வேலை, மாலையில் சமுதாயக் கல்லூரி. கணக்கில் ஒருதரம் தோற்று, மறுபடி உட்கார்ந்து தேறினாள். பல்கலைக்கழகத்தில் புவி அறிவியலுக்கு, நேராக மூன்றாம் வருஷத்தில் இடம் கிடைத்தது. ஒரே நிபந்தனை, கோடையில் ஆறு வாரம் களப் பயிற்சி. வராதவர் இடம் அடுத்த ஆளுக்கு. அவர்கள் வீட்டு ஸ்பானிஷ் பேச்சில் விளைகிற காட்டுக்கும், கல் பார்க்கப் போகிற காட்டுக்கும் ஒரே சொல்தான். அந்தச் சொல்லை அப்பா முன்னால் எடுக்கக் கூசி, "கோடையில ஒரு வகுப்பு இருக்கு" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். போன் உடைந்து கிடந்ததால் விண்ணப்பத்தில் அவர் நம்பரையே கொடுத்திருந்தாள்.

இன்று மதியம் கல்லூரிக் கம்ப்யூட்டரில் கடிதம் வந்திருந்தது. போன வாரம் போனில் உங்கள் வீட்டில் சொன்னபடி இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். ஆபீஸ் போனில் கூப்பிட்டு அழுதுகூடப் பார்த்தாள். பட்டியலை மூடிவிட்டார்களாம்.

"அப்பா, போன வாரம் யாராச்சும் போன் பண்ணாங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. "அட, சொல்ல மறந்துட்டேன் பாரு. எவளோ ஒரு மேஸ்திரிக்காரி. வேலைக்குப் போற வண்டிச் சத்தத்துல பாதி கேக்கல. உங்க பொண்ணு ஆறு வாரம் காட்டுக்கு வருவாளான்னா. விடுவேனா? காட்டுல குனிய நான் ஒருத்தன் போதும், எம் பொண்ணு யூனிவர்சிட்டிக்குப் போறவ, வேற ஆளப் பாருங்கன்னுட்டேன். வண்டியே கைதட்டுச்சு. கூட அறுக்கற அந்த ரெஃபுகியோ பய, 'கவர்னர் பேசறாரு, எல்லாம் எந்திரிச்சு நில்லுங்கடா'ங்கறான்."

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அது யூனிவர்சிட்டிதாம்ப்பா."

அவருக்குப் பிடிபடவில்லை. "அங்க என்னத்த அறுக்கறது?"

"ஒண்ணும் அறுக்கறதில்ல. மலையில கல்லு எப்படிப் படிஞ்சிருக்குன்னு பாக்கணும்."

"பாக்கறதுக்கா?"

"பாக்கறதுக்குத்தான்."

"கூப்பிடு. நான் பேசறேன். கெழவன் தெரியாம ஒளறிட்டான்னு சொல்றேன். கால்ல விழறேன்."

"கூப்பிட்டாச்சுப்பா."

அவர் மெதுவாக எழுந்தார். வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்து, வேலிக் கம்பி வரைக்கும் போனார். அறுத்துத் தீர்ந்த பாத்திகளுக்கு அப்பால் கிழக்கு மலை வெயிலில் காய்ந்து நின்றது. இருபத்தாறு வருஷம் அதன் அடியில்தான் குனிந்து கிடந்தார். உள்ளே அம்மா ரொட்டியும் அவரைப் பருப்பும் எடுத்து வைத்து இரண்டு தரம் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல், மலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.