மாடனுக்கு நேர்ந்த கிடா

கீரிப்பாறை மலையடியில், சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயைக் கட்டக்கூடாது, அடைக்கக்கூடாது, தின்கிற வாயைத் தட்டக்கூடாது. யார் வீட்டு வாழைக்கன்றைக் கடித்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். தின்று கொழுத்து, பங்குனிக் கொடைத் திருவிழாவன்று மலைமாடன் பீடத்தில் தலையைக் கொடுப்பதுதான் அதன் உத்தியோகம்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றாறுக்கு முந்தின இரண்டு வருஷமும் எந்தக் கிடாயும் அந்த உத்தியோகத்துக்கு வந்து சேரவில்லை. மலையிலிருந்து இறங்கிய சிறுத்தைப்புலி தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஊர்க்காரர்கள் வருத்தப்பட்டார்களா? கிடையாது. "மாடன் நேர்ல வந்து எடுத்துக்கிட்டான்" என்று பூரித்துப்போனார்கள். வாசலிலேயே கட்டாமல் கிடைக்கும் கறியை எந்தப் புலிதான் வேண்டாமென்று சொல்லும்? ஊர் வழி அதற்குப் பழகிவிட்டது. மூன்றாவது கிடாயை நேர்வதற்கு முன்பே, தாணம்மாளின் தொழுவத்து ஓலைத் தட்டியைத் தள்ளிக்கொண்டு புகுந்து கிடேரிக் கன்றைக் கொன்றது.

தாணம்மாளுக்கு மிச்சம் இருந்தது சினைச் செவலைப் பசு ஒன்றுதான். அவள் தடிக்காரன்கோணத்துக்குத் தயிர் சுமந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். புருஷன் ராஜமணி மலைமாடனின் சாமியாடி. அதைத் தவிர உருப்படியான வேலை ஏதும் செய்து யாரும் பார்த்ததில்லை. கன்று செத்த அன்று சாமி வந்து, அவன் வாயாலேயே இன்னொரு கிடா கேட்டது. ஊரும் நேர்ந்துவிட்டது.

"கெடாயத் தேடித்தான் அது வருது," என்றாள் தாணம்மாள், சாமி இறங்கி வீட்டுக்கு வந்தவனிடம். "கெடா கிட்டாத அன்னைக்கு என் தொழுவுக்குள்ள ஏறுது. இத அடச்சுப் போட்டா புலி மலையோட நிக்கும்."

"ஏட்டி, மாடன் உருப்படிய அடைக்கியதா? குடும்பம் வெளங்காது, பாத்துக்கோ."

"செவல போனா மட்டும் வெளங்கிருமா?"

அவன் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனான். சாமி வராத நேரத்தில் ராஜமணிக்கு வாய் அவ்வளவு போதாது.

தாணம்மாளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அன்று மாலை பலா இலைக் கொத்தைக் காட்டிக் கிடாயைத் தொழுவத்துக்குள் இழுத்து, செவலைக்குப் பக்கத்தில் விட்டாள். ஓலைத் தட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதிதாகப் பின்னிய மூங்கில் படலைச் சாத்தினாள். அதன்மேல் முள்ளை அடுக்கி, உரலை உருட்டி வந்து அணைவாக வைத்தாள். ராஜமணி பார்க்காததுபோல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

விடிந்து பார்த்தால் படலில் நகம் கீறிய வடு. உள்ளே செவலை அசைபோட்டுக்கொண்டிருந்தது. மறுநாளும் வாசல்வரை தடம் இருந்தது. அப்புறம் ஓடையோடு திரும்பியது. அப்புறம் தடமே இல்லை. புலி மேலே பாறையிடுக்கில் மிளா மானை அடித்துத் தின்றிருப்பதாக விறகுக்குப் போனவர்கள் சொன்னார்கள். இருந்தாலும் ஊருக்கு மனசு ஆறவில்லை. அடைத்ததற்கு மாடன் என்ன சொல்வானோ என்று கொடைவரை காத்திருந்தது.

மதியக் கொடையில் மேளம் உச்சத்துக்கு ஏற, ராஜமணிக்குச் சாமி வந்தது. வெட்டரிவாளோடு சுற்றி ஆடியவன் தாணம்மாள் முன்னால் வந்து நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"எங் கெடாய அடச்சது ஆரு?"

மேளம் நின்றுவிட்டது. புருஷனாக இருந்தால் திருப்பி நாலு கேட்டிருப்பாள். எதிரே நிற்பது மாடன் அல்லவா? கும்பிட்ட கையோடு சொன்னாள்.

"நாந்தான் அப்பனே. ஒனக்கு நேந்தது ஒனக்கே கிட்டணும்னு அடச்சேன். போன கொடைக்கும் அதுக்கு முந்துன கொடைக்கும் ஒனக்கு ஒரு துண்டு கிட்டிச்சா? நீயே சொல்லு."

சாமி கொழுத்து நின்ற கிடாயைப் பார்த்தது. பிறகு வயிற்றில் அடித்துக்கொண்டு, "ரெண்டு கொடையா பட்டினி கெடக்கேன்! ஒருத்தனாவது கேட்டியளா?" என்று ஊரைப் பார்த்து அலறியது.

ஊர் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்த கிடாய்க்குக் கல் வைத்துத் தொழுவம் கட்ட அங்கேயே ஆள் சொன்னார்கள்.

கொடை முடிந்து ராஜமணி களைத்துப்போய் வீட்டுக்கு வந்தான். முந்தின நாள் பிறந்த கன்று செவலையின் மடியை முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. சாமியாடிக்குத் தான் ஆடியபோது சொன்னது எதுவும் நினைவிருக்காது என்பது ஊர் நம்பிக்கை.

"சாமி என்னத்தச் சொல்லிச்சு?" என்று கேட்டான்.

"பசிக்குன்னு சொல்லிச்சு."

அவன் தலையை ஆட்டினான். பிறகு படலைச் சாத்திவிட்டு, அவள் கேட்காமலே உரலை உருட்டி அணைவாக வைத்தான்.